மூன்றாவது கம்பம்

வாரிட்டா
13 மார்ச் 2024

அன்புள்ள தம்பி கிளெம்,

உன் இடது கை வீக்கம் வடிந்ததா? பதில் எழுதும்போது அதை முதலில் எழுது.

சேதி இது. கவுன்சில் வாசலில் நாட்டுக்கொடி, மாநிலக்கொடிக்கு அடுத்து மூன்றாவது கம்பத்தில் பறக்கும் நம் பழங்குடிக் கொடியை இனி நம் ஆட்களின் எல்லாச் சாவுக்கும் அரைக்கம்பத்தில் இறக்க வேண்டாம் என்று நேற்று மாலை கவுன்சிலில் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. சொன்னவர் மேயர் ஹெய்ஸ் அம்மாள், கவுன்சில் வாசற்படியில், நான் கேட்காமலே. பத்திரிகையை விட்டு வருஷங்களாகியும் முதலில் சேதி, அடுத்து யார் சொன்னது என்றுதான் எனக்கு எழுத வருகிறது. பொறுத்துக்கொள்.

"நோரீன், அந்தக் கொடி எப்பப் பாத்தாலும் பாதியிலயே நிக்குது. வெளியூர்க்காரங்க கயிறு பழுதுன்னு நினைக்கறாங்க" என்றார். கொடியில் கோளாறில்லை, எங்கள் சாவுகள்தான் அதிகம் என்றேன். அவர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதனால் பழைய கதையையும் சொன்னேன். எங்கள் பிள்ளைகளை அரசாங்கம் பிடுங்கிப் போனதற்காகப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்ட வருஷம் அந்தக் கம்பத்தை நட்டார்கள். அப்போதிருந்த மேயர் என் கையைக் குலுக்கி, உங்களில் யார் போனாலும் இறக்குவோம் என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. போனவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. கொடியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம், பிறகு சமைத்து எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போகிறோம் என்றேன். நிதானமாகத்தான் கேட்டார்.

புது ஏற்பாட்டின்படி, ஊருக்குச் சிறப்பாகத் தொண்டு செய்தவர்களுக்கு மட்டும் கொடி இறங்கும். யார் அவர்கள் என்று மூன்று பேர் குழு முடிவு செய்யும். மேயர், பாதிரியார், மூன்றாவதாக நான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வெயில் இன்னும் குறையவில்லை. நம் ஊரில் டயாலிசிஸ் இல்லை என்றுதானே அவ்வளவு தூரத்தில் கிடக்கிறாய், திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தவறாமல் அந்த நாற்காலிக்குப் போ. தண்ணீரை அளந்து குடி.

உன் அக்கா,
நோரீன்


அடிலெய்ட்
27 மார்ச்

அக்காவுக்கு,

கை பரவாயில்ல. உன் முட்டி வலி எப்படி இருக்கு? ராத்திரி அந்த எண்ணெயைத் தேய்ச்சுக்கோ.

இங்க விடுதியில சாப்பாட்டுல உப்பே கிடையாது. மாவை வேக வைச்சு மாவு ஊத்திச் சாப்பிடற மாதிரி இருக்கு. பக்கத்து அறையில வடக்கேருந்து வந்த ஒரு பெரியவர். அவரும் நாற்காலிக்காரர்தான். ரெண்டு பேரும் சாயங்காலம் உக்காந்து என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னு பேசியே வயித்த ரொப்பிக்கறோம். சாம்பல்ல சுட்ட கங்காரு வால் வரைக்கும் வந்துட்டோம்.

உன் சேதியப் படிச்சேன். சிறப்பான தொண்டா? நான் முப்பது வருஷம் அடுத்தவன் ஆட்டுக்கு மயிர் வெட்டினேன். மதுக்கடை வாசல்ல சண்டை போட்டேன். கம்பம் நட்ட அன்னிக்கு, அத்தனை விருந்தாளிங்க முன்னாடி, கொடியத் தலைகீழா ஏத்தினேன். கறுப்பு கீழ, சிவப்பு மேல. இன்னிக்கும் அந்த ஊர்ல என் பேரு தலைகீழ் கிளெம்தான். இதெல்லாம் தொண்டுல சேருமான்னு உங்க குழுவக் கேட்டுச் சொல்லு.

விளையாட்டுக்குக் கேக்கல. எனக்கு இறக்குவீங்களா?

நாற்காலி ஒரு நாளும் தவறல. போன் பண்ணாத, ஆட்டுமயிர் வெட்டற மெஷின் சத்தத்துல போன காது, ஒண்ணும் கேக்காது. எழுது.

கிளெம்


வாரிட்டா
22 ஏப்ரல்

அன்புள்ள தம்பி,

முட்டி அப்படியேதான். எண்ணெய் தீர்ந்துவிட்டது. உன் பக்கத்து அறைக்காரருக்கு என் வணக்கம்.

தீர்மானம் தள்ளிப்போயிருக்கிறது என்று கவுன்சில் அலுவலகத்தில் உறுதி செய்தார்கள். மே மாதக் கடைசியில் வெள்ளைக்காரர்களும் நாமும் கைகுலுக்கும் நல்லிணக்க வாரம் வருகிறதே, அதற்கு முன் சச்சரவு வேண்டாமாம். அதுவரைக்கும் குழு சோதனையாக வேலை செய்யும். முழு ஓட்டு நவம்பரில்.

போன வாரம் என் சிநேகிதி டெல்மாவின் மாமியார் போனார். கவுன்சில் ஆள் காவின் பழைய வழக்கப்படி விடியும் முன்பே கொடியை இறக்கிவிட்டு, என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "குழு கிட்ட கேட்டிருக்கணுமோ, ஆன்ட்டி?" என்றான். இறக்கியதை யாரும் ஏற்றச் சொல்லமாட்டார்கள், போய்க் காப்பி குடி என்றேன். அவனும் பாவம், எத்தனை பேருக்குப் பதில் சொல்வான்.

போன வருஷம் அரசியல் சட்டத்தில் நமக்கு ஓர் இடம் கேட்டு நடந்த வாக்கெடுப்பில் இந்த ஊர் பத்துக்கு எட்டு வேண்டாம் என்றது. தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், என் பல் டாக்டர், இவர்களில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமலே தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு எதற்கும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

குழுவில் சேர்ந்துவிட்டேன். நான் இல்லாவிட்டால் அவர்கள் இருவரும் முடிவு செய்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நோரீன்


அடிலெய்ட்
3 மே

அக்கா,

நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருப்பேன்னு நினைக்கறேன்.

ஒரே ஒரு விஷயம். கொடி கிடையாதுன்னு ஆன வீட்டுக்குப் போய் யாரு சொல்றது? மேயரா, பாதிரியாரா, நீயா?

கிளெம்


வாரிட்டா
11 ஜூன்

அன்புள்ள தம்பி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வரிகூட இல்லை.

நல்லிணக்க வாரம் முடிந்தது. கவுன்சில் புல்வெளியில் ரொட்டியும் சாசேஜும் கொடுத்தார்கள். மேயர் பேசினார், நன்றாகவே பேசினார். மூன்று கொடியும் உச்சியில் பறந்தன. பள்ளிப் பிள்ளைகள் நம் கொடியைக் காகிதத்தில் வரைந்து கையில் வைத்திருந்தார்கள். டெல்மா தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று, "பாத்தியா, நம்மாளுங்க ஒரு வாரமா யாரும் சாகல. கொடிக்காகப் பொறுத்துக்கிட்டாங்க" என்றாள். சிரிக்க வேண்டிய பேச்சுதான்.

அடுத்த திங்கட்கிழமை ஒருவன் போய்விட்டான். பெயர் எழுதமாட்டேன். ரயில்வே வீட்டு லாட்டியின் கடைசி மகன், கால்பந்தில் இடது பக்கம் ஆடுவானே, அவன். நெடுஞ்சாலையில் கார் கவிழ்ந்தது. இருபத்தாறு வயது.

குழு கூடியது. மேயர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஊருக்கு அவர் என்ன செய்திருக்கார்?" பாதிரியார் மேசையைப் பார்த்தார். இருபத்தாறு வயதில் ஒருவன் ஊருக்கு என்ன செய்திருப்பான் என்று நான் கேட்டேன். பிறந்தான், வளர்ந்தான், ஆடினான், தாயைப் பார்த்துக்கொண்டான். ஓட்டு எடுத்தோம். இரண்டுக்கு ஒன்று. கொடி இறங்கவில்லை.

நீ மே மாதம் கேட்டதற்குப் பதில்: நான்தான் போனேன். லாட்டி கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. "நீயும் அங்க உக்காந்திருந்தியா, நோரீன்?" என்றாள். ஆமாம் என்றேன். நான் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் போன வண்டிகள் எல்லாம் அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போயின. யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

எழுது, தம்பி. ஒரு வரியானாலும் போதும்.

நோரீன்


அடிலெய்ட்
2 ஜூலை

அக்கா,

எழுத்து வேற மாதிரி இருக்கேன்னு பயப்படாத. கை வீக்கம், அதனால பக்கத்து அறைப் பெரியவர் எழுதித் தர்றார். நான் சொல்றதவிடக் குறைச்சலாத்தான் எழுதுவார், சோம்பேறி. (இதையும் எழுதிட்டார்.)

லாட்டி வீட்டுச் சேதி டெல்மா மூலமா முன்னாடியே வந்துச்சு. உன் மேல கோவமா இருந்தேன். இப்ப இல்ல. நீ போய் அந்த வாசல்ல நின்னிருக்க. அந்த ரெண்டு பேரும் நிக்கல.

வெளிய வந்துடு அக்கா. நீ அங்க உக்காந்தா அது சரியான குழுன்னு ஆயிடுது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

முட்டியப் பாத்துக்கோ. குளிர்ல வெளிய அதிகம் நிக்காத.

கிளெம்


வாரிட்டா
19 ஆகஸ்ட்

அன்புள்ள தம்பி,

நீ உயிரோடு இருக்கிறாய். உன் விடுதி நர்ஸ் நேற்று மதியம் போனில் உறுதி செய்தார். இதைப் படிக்கும்போது எனக்குப் பைத்தியமா என்று உனக்குத் தோன்றும். வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கப் போனேன். நம் கொடி பாதியில் நின்றது. ஏப்ரலுக்குப் பிறகு அது இறங்கவே இல்லை. என்னைக் கூப்பிடாமல் இருவரும் கூடி முடிவு செய்துவிட்டார்களா என்று மேயருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். டெல்மா பெரிய பாத்திரத்தோடு வாசலில் நின்றிருந்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஏன் என் வீட்டுக்கு வந்தாள் என்பதை அவளே பிறகு சொன்னாள். குழு ஒத்துக்கொண்டு கொடி இறங்கியிருக்கிறது, அப்படியானால் பெரிய ஆள். ஊரில் இருக்கும் பெரிய ஆள்கள் எல்லாரும் காலையில் கண்ணில் பட்டார்கள். ஊரில் இல்லாதவன் நீ. குழுவில் இருப்பது உன் அக்கா. கணக்கு முடிந்தது.

எனக்கு அது தெரியாது. எனக்கு வராத சேதி அவளுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். கேட்க முடியாது. கேட்டால் உன் பெயர் வரும்.

பத்து மணிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ரயில்வே வீட்டுக்காரர்கள், ஆற்றங்கரைக்காரர்கள், மதியத்துக்கு மேல் போர்ட் அகஸ்டாவிலிருந்து இரண்டு கார். எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள், உட்கார்ந்தார்கள், தரையைப் பார்த்தார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை. நான் உள்ளே போய் விடுதிக்குப் போன் போட்டேன். தங்கியிருப்பவர்களைப் பற்றிப் போனில் சொல்ல அனுமதி இல்லை என்றாள் அந்தப் பெண். "உறவுக்காரங்கன்னா நேர்ல வாங்க." எழுநூறு கிலோமீட்டர். என்னிடம் கார் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு லாட்டி வந்தாள். தணலில் சுட்ட டாம்பர் ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜூனிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அன்றும் பேசவில்லை. உட்கார்ந்தாள்.

நாலரை மணிக்குக் காவின் வந்தான். வீட்டில் இருந்தவனை யாரோ கூட்டத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "யாரு ஆன்ட்டி போனது? நான் இறக்கலையே."

கயிறு மக்கிப்போய், முடிச்சு வழுக்கி, கொடி தானே பாதிக்கு வந்து கப்பியில் சிக்கி நின்றிருக்கிறது.

காவின் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாருக்கும் சொன்னான். பிறகு டெல்மா, "அப்ப இந்தக் கறியெல்லாம் யாருக்கு?" என்றாள். லாட்டிதான் முதலில் சிரித்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். இருட்டும் வரை ஒருவரும் போகவில்லை.

ஒருவர் சொன்னதை வைத்து நான் செய்தி போட்டதில்லை. கயிறு வழுக்கியதால் நீ சாகவில்லை என்று ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். அந்த நர்ஸ் நல்லவர், நீ இருக்கிறாய் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அதை நீயே எழுதுவாய் என்று விட்டுவிடுகிறேன்.

எழுது.

நோரீன்


அடிலெய்ட்
24 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

கை இன்னிக்கு நல்லா இருக்கு, நானே எழுதறேன். ராத்திரி தூங்கினியா?

உன் கடிதத்த நாலு தடவ படிச்சேன். பெரியவருக்கும் படிச்சுக் காட்டினேன். சிரிச்சு சிரிச்சு அவருக்கு இருமல் வந்து நர்ஸ் ஓடி வந்துட்டாங்க.

போர்ட் அகஸ்டாலேருந்து ரெண்டு கார்னு எழுதியிருக்க, யாரு யாரு? மைலோ வந்தானா? அவன் எனக்கு ஒரு சேணம் தரணும், வந்திருக்க மாட்டான். டெல்மா என்ன கறி? வாலா? யாராவது அழுதாங்களா, இல்ல எல்லாரும் தரையத்தான் பாத்தாங்களா? உண்மையச் சொல்லு, செய்தி மாதிரி எழுதாத.

லாட்டி வந்தாளா. எனக்காகவா. அவ மகனுக்கு இல்லைன்னு சொன்ன கொடி எனக்கு இறங்கிடுச்சுன்னு நினைச்சும் ரொட்டி சுட்டுக் கொண்டாந்திருக்கா.

சரி அக்கா. என் பங்கு முடிஞ்சுது. எனக்குக் கொடி இறங்கியாச்சு, யாரு கிட்டயும் கேக்காம அதுவா இறங்கிச்சு. மார்ச்ல நான் கேட்ட கேள்விய நீ மறந்துடு.

குளிருக்கு சாக்ஸ் போட்டுக்கோ.

கிளெம்


வாரிட்டா
8 அக்டோபர்

அன்புள்ள தம்பி,

வாலேதான். மைலோ வந்தான், இரண்டு தட்டு சாப்பிட்டான். அழுதது ஒருத்தி. சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அது நான்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். போன வியாழன் மேயரிடம் நேரில் சொன்னேன். அன்று என் முற்றத்தில் கூடிய கூட்டத்தைப் பற்றிக் கேட்டார். கார்கள் தெரு முனை வரை நின்றதை அவரும் பார்த்திருக்கிறார், யாருடைய அடக்கம் என்று விசாரித்திருக்கிறார். யாருடையதும் இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். "யாருன்னே தெரியாமயா அத்தனை பேர் வந்தாங்க?" என்றார். யார் என்று தெரிந்தால்தான் வருவோம் என்று எங்களுக்கு ஒரு வழக்கம் இல்லை என்றேன். மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

மார்ச்சில் நீ கேட்டதை மறக்கச் சொல்கிறாய். நான் பதில் எழுதாததற்குக் காரணம், மூன்று பேரில் இரண்டு பேர் உனக்கு என்ன சொல்வார்கள் என்று அன்றே தெரியும்.

நர்ஸ் சொன்னதைப் பற்றி நீ இன்னும் எழுதவில்லை.

நோரீன்


அடிலெய்ட்
1 நவம்பர்

அக்கா,

நல்லா இருக்கேன்.

21ஆம் தேதி வியாழக்கிழமை நம்ம ஊர் சமூக பஸ்ல வர்றேன். டாக்டர் கிட்டப் பேசியாச்சு, அவருக்குத் தெரியும். பக்கத்து அறைப் பெரியவர் போன மாசம் தன் ஊருக்குப் போனார். போகும்போது மூஞ்சி தெளிவா இருந்துச்சு.

பின்பக்க அறை காலியாத்தானே இருக்கு? படுக்கைய ஜன்னல் பக்கம் போட்டு வை. டெல்மா கிட்டச் சொல்லு, வாலு, உப்புப் போட்டு.

கிளெம்


வாரிட்டா
12 நவம்பர்

அன்புள்ள தம்பி,

பின்பக்க அறை தயார். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். படுக்கையிலிருந்தே ஆற்று மரங்கள் தெரியும்.

உன் இருக்கை உறுதி என்று பஸ் டிரைவர் சொன்னார். வருவதற்கு மட்டும் பதிவு, திரும்பிப் போகப் பதிவு இல்லை என்றும் அவரே சொன்னார். வியாழன் வருகிறாய், உன் நாற்காலியோ மறுநாள் வெள்ளிக்கிழமை, அடிலெய்டில். ஆகஸ்டில் நர்ஸ் சொன்னதும் ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான். அன்று நாற்காலி காலியாக இருந்தது, அதற்கு முந்தைய வெள்ளியும் என்றார். முப்பது வருஷம் எல்லாரிடமும் கேள்வி கேட்டே பிழைத்தேன். உன்னிடம் கேட்கப்போவதில்லை.

டெல்மாவிடம் சொல்லிவிட்டேன். "அளவா உப்புப் போடட்டுமா?" என்றாள். நிறையப் போடு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். சரி என்றாள்.

கம்பத்துக்குக் காவின் புதுக் கயிறு போடுகிறான். கொடியைக் கழற்றி என்னிடம் கொடுத்திருக்கிறான். லாட்டி வந்து கிழிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறாள், என் எதிரிலேயே. வியாழக்கிழமை மறுபடி ஏற்ற வேண்டும். காலையில் ஏற்றட்டுமா என்று காவின் கேட்டான். பஸ் வரட்டும், ஒருவன் வந்து ஏற்றுவான் என்றேன். யார் என்று புரிந்துகொண்டான். "கறுப்பு மேலன்னு எழுதி ஒட்டி வைக்கவா, ஆன்ட்டி?" என்றான். உன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

தீர்மானம் 26ஆம் தேதி செவ்வாய் மாலை ஆறு மணிக்கு ஓட்டுக்கு வருகிறது. இரண்டு இரண்டாக நிற்கிறது என்றும், தன் ஓட்டு இன்னும் முடிவாகவில்லை என்றும் மேயரே சொன்னார். கூட்டத்துக்கு லாட்டி வருகிறாளாம். அதுவரை கொடி யாருக்கும் இறங்க வேண்டாம் என்பது என் ஆசை மட்டும், சேதி இல்லை.

உன் பஸ் வியாழன் நான்கு மணிக்கு. கம்பத்தடியில் நிற்கிறேன்.

அக்கா